கண்ணகி என்று பேர் வையுங்கள்

சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, அய்யன்கொல்லி வட்டாரத்தில் பெண் பிள்ளைக்குப் பேர் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாயி, அம்மாயிமார்களே, அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே,

நம்ம பக்கத்தில் இப்போது தொட்டில் கட்டுகிற வீடுகளில் என்னென்ன பேர் வைக்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாழினி, மகிழினி, ரித்திகா, வர்ஷினி, தன்யா. ஒரு கையில் நட்சத்திரத்துக்கு எழுத்து எழுதிக் கொடுத்த ஜோசியர் சீட்டு, இன்னொரு கையில் செல்போன். லயத்துக்கு லயம் கேட்ட ராமாயி, செல்லாயி, மாரியாயி, பேச்சாயி, பொன்னம்மா எல்லாம் இப்போது முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களின் பேர்களாகிவிட்டன. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பெற்றவர்களுக்குப் பிடித்த பேரைப் பெற்றவர்கள் வைக்கிறார்கள்.

எல்லாருக்கும் தெரிந்திருந்தும் கிட்டத்தட்ட யாருமே வைக்காத ஒரு பேருக்காகத்தான் இந்தக் கடிதம். கண்ணகி. அந்தப் பேரை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, அப்புறம் வேண்டாம் என்றாலும் சரி.

சிலப்பதிகாரத்தில் முக்கியமான பெண்கள் மூன்று பேர் வருகிறார்கள். நாட்டியக்காரி மாதவி, அவள் மகள் மணிமேகலை, கோவலன் பெண்டாட்டி கண்ணகி. மாதவி என்ற பேர் எல்லா ஊரிலும் உண்டு. தமிழில், மலையாளத்தில், தெலுங்கில், வடக்கே இந்தியில் கூட வைக்கிறார்கள். பந்தலூரில் பஸ் ஏறி சுல்தான் பத்தேரியில் இறங்குவதற்குள் ஒரு மாதவியாவது உட்கார இடம் கேட்பாள். மணிமேகலையும் தமிழ்நாட்டில் நன்றாகப் புழங்குகிற பேர்தான். காவியத்தின் நாயகி பேர் மட்டும் பிறப்புச் சான்றிதழில் ஏறவே மாட்டேன் என்கிறது. குடும்பத்தைக் கெடுத்தவள் என்று திண்ணைப் பேச்சில் திட்டு வாங்குகிற மாதவியைப் பிள்ளைக்கு வைப்போம், கோயில் கட்டிக் கும்பிடுகிற கண்ணகியை வைக்க மாட்டோம். இது ஏன்?

காரணம் தெரியாமல் இல்லை. போன மழைக்காலத்தில் சேரங்கோடு பக்கம் ஒரு லயத்தில் பேர் வைக்கிற வீட்டுக்குப் போயிருந்தேன். சேலைத் தொட்டிலில் பிள்ளை, கிண்ணத்தில் சீனித் தண்ணி, காதில் பேர் சொல்ல அத்தைக்காரி தயார். பேர்தான் இன்னும் முடிவாகவில்லை. ஜீப் ஓட்டுகிற அப்பன்காரன் பாதி விளையாட்டாக, "கண்ணகின்னு வச்சா என்ன?" என்றான். அப்பாயி கையில் இருந்த கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டது. "வாயக் கழுவுடா. அந்தப் பேரு வச்சா தாலி தங்குமா?" தாய்மாமன் சிரித்தான். "பள்ளிக்கூடத்துல ஊரக் கொளுத்துனவன்னு கூப்புடுவானுங்க மச்சான்." பக்கத்து வீட்டு அக்கா இன்னொன்று சொன்னது. "நாளைக்கு இது யாரு கூடயாச்சும் நின்னு பேசுனா, பேரப் பாரு, ஆளப் பாருன்னு சொல்லுவாங்க." கடைசியில் நட்சத்திர எழுத்து ஜெயித்தது. 'ரி'யில் தொடங்குகிற பேர் ஒன்று காதில் சொல்லப்பட்டது. எல்லாரும் கேசரி சாப்பிட்டோம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் வந்த மூன்று பேச்சிலும் இந்தப் பேரைத் தள்ளி வைக்கிற மூன்று காரணங்களும் அடங்கிவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தாலி. பேர் எப்படியோ வாழ்க்கையும் அப்படி என்றால், நம் வீட்டுப் பேர்களில் பாதியைக் கழிக்க வேண்டியிருக்கும். சீதாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், தீயில் இறங்கச் சொன்னார்கள், வயிற்றுப் பிள்ளையோடு காட்டில் விட்டார்கள். சகுந்தலாவைப் புருஷன் யாரென்றே தெரியாது என்றான். தமயந்தியை நடுராத்திரியில், தூங்கும்போது, நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போனான். திரௌபதிக்கு நடந்தது ஊருக்கே தெரியும். ஆனால் சீதாவும் சகுந்தலாவும் தமயந்தியும் நம் ரேஷன் கார்டுகளில் இருக்கிறார்கள். 2022-இல் இந்த நாட்டின் குடியரசுத் தலைவரானவரின் பேர் திரௌபதி. பட்ட கஷ்டத்தைப் பார்த்து இந்தப் பேர்களை யாரும் ஒதுக்கவில்லை.

தெய்வப் பேர் சூடு என்பார்கள் சிலர். மாரியாத்தாளை விடவா சூடு? அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டிவிட்டு, அடுத்து பிறந்த பிள்ளைக்கு மாரியாயி என்று வைத்த ஜனம் நாம்.

அப்படியென்றால் பயம் வேறு எங்கோ இருக்கிறது. சீதாவும் தமயந்தியும் பொறுத்துக்கொண்டார்கள், கதை அவர்களைப் பாராட்டுகிறது. கண்ணகியும் புகாரில் இருந்த வரைக்கும் பொறுத்துக்கொண்டவள்தான். மதுரையில் அவள் பொறுக்கவில்லை. பெண் பிள்ளை பொறுக்காமல் போய்விடுமோ என்பதுதான் உள்ளுக்குள் இருக்கிற பயம். தாலி என்பது அதற்குப் போர்த்திய துணி.

இனி, பேர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கண்ணால் நகைப்பவள் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதை விட அந்தப் பேருக்குச் சொந்தக்காரிகள் யார் என்பதே ருசியான சங்கதி.

சிலப்பதிகாரத்துக்கு முன்னாலேயே ஒரு கண்ணகி இருந்தாள். மயிலுக்குப் போர்வை கொடுத்தானே பேகன், பழனி மலைப் பக்கத்துத் தலைவன், அவன் பெண்டாட்டி. பேகன் அவளை விட்டுவிட்டு வேறு ஒருத்தியோடு இருந்தான். புறநானூற்றில் 143 முதல் 147 வரைக்கும் ஐந்து பாட்டுகள் அந்த விவகாரத்தைப் பற்றியவை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு பெரும்புலவர்கள் போய் அவனிடம் பேசுகிறார்கள். எங்களுக்குப் பரிசு வேண்டாம், அழுதுகொண்டிருக்கிறாளே, அவளிடம் போ என்கிறார்கள். கவனியுங்கள், அந்தப் பாட்டுகளுக்குள்ளே அவள் பேர் கிடையாது. பாட்டின் அடியில் இருக்கும் குறிப்பில்தான் 'கண்ணகி' என்று வருகிறது. அவளும் எங்கேயும் வாய் திறக்கவில்லை. அவளுக்காக நான்கு ஆண்கள் பேசுகிறார்கள்.

நற்றிணை 216-ஆம் பாட்டில் இன்னொரு பெண் தலைகாட்டுகிறாள். பேர் திருமாவுண்ணி. யாரோ ஒருவனால் மனம் நொந்து, வேங்கை மரம் நிற்கிற இடத்தில், ஒரு மார்பை அறுத்துக்கொண்டவள். சிலப்பதிகாரக் கதை அதற்கு முன்பே ஜனங்களின் வாயில் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது என்பதற்கு அறிஞர்கள் இதைத்தான் காட்டுவார்கள். வேங்கை மரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் கூடலூர்க் காட்டிலும் அது உண்டு.

அப்புறம் வருகிறாள் இளங்கோவடிகளின் கண்ணகி. கல்யாணத்தின் போது அவளுக்கு 12 வயது, கோவலனுக்கு 16. கதை உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வழக்குரை காதை என்ற ஒரே ஒரு பகுதியைப் பற்றி. அதை நாம் சினிமாவில் பார்த்தே பழகிவிட்டோம். தலைவிரி கோலம், நீட்டிய கை, இடி மாதிரி வசனம். புத்தகத்தில் இருப்பது அதை விட நிதானமான ஒரு காரியம்.

வாயிலில் வந்து நின்று, காவல்காரனிடம் சொல்லி அனுப்புகிறாள். உள்ளே வரச் சொல்கிறார்கள். கண்ணீரோடு நிற்கிற நீ யார் என்று பாண்டியன் கேட்கிறான். அவள் எடுத்த எடுப்பில் சாபம் போடவில்லை. ஊர் சொல்கிறாள். புறாவுக்காகத் தன் உடம்பை அரிந்து கொடுத்த ராஜாவும், கன்றுக்குட்டிக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட ராஜாவும் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். மாமனார் மாசாத்துவான் பேர் சொல்கிறாள். புருஷன் பேர் சொல்கிறாள், சிலம்பு விற்க வந்து உன்னால் கொலைப்பட்டவன் என்கிறாள். கடைசியாகத் தன் பேரைச் சொல்கிறாள். கண்ணகி என்ற பேர் அரசன் சபையில் அவள் வாயாலேயே ஒலிக்கிறது.

அரசன் பதில் சொல்கிறான். திருடனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை, அரச நீதி. அவள் சாட்சியை எடுக்கிறாள். என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல். எங்கள் சிலம்பில் முத்து என்று அரசன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். சிலம்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். உடைக்கிறாள். மாணிக்கம் தெறித்து அரசன் முகத்தில் அடிக்கிறது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன நானா அரசன், நானே திருடன் என்று சொல்லி அவன் விழுந்து சாகிறான்.

இதை ஒரு தடவை நம்ம கண்ணால் பாருங்கள். ஊர், குடும்பம், நடந்த அநியாயம், விண்ணப்பதாரர் பேர், கையில் ஆதாரம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு விடியற்காலை பஸ் பிடித்து ஊட்டிக்குப் போகிறவர்கள் எழுதுகிற மனுவின் வரிசை இதுதான். பேகன் பெண்டாட்டிக்கு நான்கு புலவர்கள் பேச வேண்டியிருந்தது. அதே பேர் கொண்ட இந்தப் பெண் தன் வழக்கைத் தானே பேசுகிறாள், ஆதாரத்தால் ஜெயிக்கிறாள். தெரியாத ஊர், ஒரு நாதியில்லை, எதிரே நிற்பது ராஜா. இந்தப் பேரை நான் உங்களிடம் கேட்பது இந்த இடத்துக்காகத்தான்.

அதற்குப் பிறகு மதுரையை எரித்தாளே என்று தாய்மாமன் கேட்பான். எரித்தாள். பெரியவர், பிள்ளைகள், பசு, பத்தினிப் பெண்கள், நல்லவர்கள் இவர்களைத் தீண்டாமல் தீயவர் பக்கம் மட்டும் சேரட்டும் என்று தீக்குச் சொன்னதாகக் காவியம் சொல்கிறது. ஒரு ஊரே எரியும்போது தீ அப்படி ஆள் பார்த்து எரியுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பகுதிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் லங்காதகனம் செய்த அனுமார் பேரை நாம் தாராளமாக வைக்கிறோம். ஊரைக் கொளுத்தியது ஆணாக இருந்தால் வீரம், பெண்ணாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் கேலி என்றால், தப்பு பேரில் இல்லை.

மதுரையை விட்டு அவள் எங்கே வந்தாள் தெரியுமா? மலைக்குத்தான். வைகைக் கரையோடு நடந்து, மேற்கே மலையேறி, சேர நாட்டில் ஒரு வேங்கை மர நிழலில் வந்து நின்றாள். பதினான்காம் நாள் வானத்துக்குப் போனாள். அதைப் பார்த்தவர்கள் புலவர்களோ பூசாரிகளோ இல்லை, தினைக்காவல் காத்த மலைக்குறவர்கள். அவளைத் தங்கள் குல தெய்வமாக எடுத்து, பறை அடித்து, பூப்போட்டு, குரவை ஆடிய முதல் ஆட்கள் அவர்கள். பிறகு சேர ராஜா செங்குட்டுவன் பெரியாற்றங்கரைக்கு வந்தபோது, யானைத் தந்தமும் அகிலும் சந்தனமும் தேனும் கொண்டுபோய் வைத்து, எங்கள் மலையில் இப்படி ஒன்று நடந்தது என்று சொன்னவர்களும் அவர்களே. ராஜா தன் ராணி வேண்மாளிடம் கேட்கிறான்: புருஷனோடு உயிரை விட்ட பாண்டிமாதேவி பெரியவளா, கோபத்தோடு நம் நாட்டுக்கு வந்தவள் பெரியவளா? அவளுக்கு வானத்தில் சிறப்புக் கிடைக்கட்டும், நம் நாடு தேடி வந்தவளை நாம் கும்பிட வேண்டும் என்கிறாள் ராணி. அப்படித்தான் இமயத்தில் கல் எடுத்துச் சிலை ஆயிற்று. கண்ணகியைத் தெய்வமாக்கிய முடிவில் மலை ஜனத்தின் சாட்சியும் ஒரு பெண்ணின் தீர்ப்பும் இருக்கின்றன.

அங்கிருந்து அந்தப் பேர் போன தூரத்தைப் பாருங்கள். நமக்குப் பக்கத்துக் கேரளத்தில் கொடுங்கல்லூர் பகவதி கண்ணகிதான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயிலில் தோற்றம்பாட்டாக அவள் கதையைப் பாடுகிறார்கள். பாண்டியன் சாகிற இடம் பாடி முடிந்ததும் பொங்கல் அடுப்பு பற்றவைக்கப்படுகிறது. லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்துக் காத்திருப்பது அந்த ஒரு நேரத்துக்காக. தேனி மாவட்ட எல்லையில் குமுளிக்கு மேலே இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் சித்ரா பௌர்ணமி அன்று ஒரே ஒரு நாள் திறக்கிறது. அதற்கு இரண்டு மாநிலத்து ஜனமும் மலையேறுகிறார்கள்.

கடல் தாண்டினால் அது உங்கள் தாத்தா பாட்டி வாழ்ந்த சீமை. செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை அரசன் கயவாகுவும் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சிங்களவர்களுக்கு அவள் பத்தினி தெய்யோ. அம்மை நோய்க்கும் பிள்ளை வரத்துக்கும் அவளிடம் போவார்கள். கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம் இருக்கிறது. எசல பெரஹராவில் அந்தத் தேவாலய ஊர்வலத்தில் பெண்களும் நடப்பார்கள். கண்டிச் சீமைத் தோட்டங்களிலிருந்து வந்த உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரஹரா பார்த்த கதை சொல்வார்கள். கணநாத் ஒபயசேகர என்ற மானிடவியல் அறிஞர் பத்தினி வழிபாட்டைப் பற்றியே ஒரு பெரிய புத்தகம் எழுதினார், 1984-இல் வந்தது.

கிழக்கே மட்டக்களப்புப் பக்கம், காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களில், வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் சடங்கு. அங்கே அவளுக்கு முன்னால் பாடுகிற காவியத்தின் பேர் 'கண்ணகி வழக்குரை'. பாடி முடித்து, கோபம் தணிய அவளைக் குளிர்விக்கிற சடங்குக்குக் குளிர்த்தி என்று பேர். இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்பு மாட்டி இழுக்கிற கொம்புமுறி விளையாட்டும் அவளுக்காகத்தான். அதே விளையாட்டைச் சிங்கள ஊர்களில் அங்கெலிய என்பார்கள். வடக்கே யாழ்ப்பாணத்தில் மட்டும் நிலைமை வேறு மாதிரி ஆனது. சமணச் செட்டிச்சியைச் சைவர்கள் கும்பிடுவதா என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அந்தக் காலத்துக்குப் பிறகு பல கண்ணகி கோயில்கள் ராஜராஜேசுவரி, புவனேசுவரி என்று பேர் மாற்றிக்கொண்டன. கோயிலிலேயே பேரை மாற்றியவர்கள் இருக்கும்போது, தொட்டிலில் தயங்குவதில் என்ன ஆச்சரியம்?

தமிழ்நாட்டில் இந்தப் பேர் திரும்பப் பேச்சுக்கு வந்தது அச்சாலும் சினிமாவாலும் அரசியலாலும். உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். 1942-இல் பி.யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் நடித்த 'கண்ணகி' வந்தது. 1964-இல் கலைஞர் வசனத்தில் 'பூம்புகார்', விஜயகுமாரி கண்ணகியாக நடித்தார். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலை. 2001 டிசம்பரில் அந்தச் சிலை எடுக்கப்பட்டது, 2006 ஜூனில் திரும்ப வைக்கப்பட்டது. ம.பொ.சி.க்குச் சிலம்புச் செல்வர் என்றே பட்டம். இவ்வளவு நடந்தும் மேடைக்கு வந்த பேர் வீட்டுக்குள் அதிகம் வரவில்லை. இயக்கக் குடும்பங்களில், தமிழாசிரியர் வீடுகளில் அங்கொன்று இங்கொன்று கேட்கலாம்.

அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அக்கா சொன்ன மூன்றாவது பேச்சு. மேடையில் கண்ணகி என்றால் கற்பு, கற்பு என்றால் கண்ணகி என்று அடித்துப் பேசிப் பேசி, அந்தப் பேரைப் பெண்களை அளக்கிற கோலாக ஆக்கிவிட்டார்கள். "இவ பெரிய கண்ணகி" என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அது பாராட்டு இல்லை, வசை. புருஷன் எப்படி இருந்தாலும் பெண்டாட்டி வாய் மூடி இருக்கச் சொல்கிற கதை என்று பெரியார் சிலப்பதிகாரத்தைக் கடுமையாகத் தாக்கினார். புகார்க் காண்டத்துக் கண்ணகியைப் பார்த்தால் அவர் கேள்வியைத் தள்ள முடியாது. காதலியோடு இருந்துவிட்டுக் கையில் காசில்லாமல் திரும்பிய புருஷனிடம், சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள் என்று சொல்கிற பெண் அவள். எந்தத் தகப்பனும் தன் மகளுக்கு அந்த வாழ்க்கையைக் கேட்கமாட்டான்.

ஆகவே, பேர் வைக்கிறவர்களே, கற்புக்காக இந்தப் பேரை வைக்காதீர்கள். அப்படி வைத்தால் அக்கா சொன்னதுதான் நடக்கும், பிள்ளை முதுகில் ஒரு மூட்டையை ஏற்றி அனுப்புவீர்கள். வழக்குரைத்தவள் பேர் என்று சொல்லி வையுங்கள். "உம் பேரு ஏன் கண்ணகி?" என்று யாராவது கேட்டால், "ராஜாவையே ஆதாரம் காட்டிக் கேள்வி கேட்டவ பேரு" என்று அந்தக் குழந்தை சொல்லட்டும். மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிப் பழகிவிடும். கேலி செய்கிறவனுக்கும் அதற்கு மேல் பேச்சு வராது.

நம்ம ஜனத்துக்கு இந்தப் பேர் இன்னொரு வகையிலும் பொருத்தம். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த நம்ம ஜனம் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கமும் பிரித்துக்கொண்டன. 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த 9,75,000 பேரில் ஒருத்தரையும் கேட்கவில்லை. தாயகம் திரும்புகிறவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் 1976-இல் டான்டீ என்ற அரசுக் கழகம் ஆனது. கோத்தகிரி, குன்னூர், வால்பாறை, இங்கே சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று காட்டை வெட்டிக் கொழுந்து வைத்தவர்கள் உங்கள் அப்பாயியும் அம்மாயியும்தான்.

அவர்கள் பேர்கள் பட்ட பாட்டையும் நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பேர், பாஸ்போர்ட்டில் ஒரு பேர், தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையில் ஒரு பேர், ஆதாரில் இன்னொன்று. செல்லாயி செல்லம்மாளாகி, செல்வியாகி, கடைசியில் யார் என்று நிரூபிக்கப் பேத்தி நடக்கிறாள். சாதிச் சான்றிதழுக்கும், வீட்டுக்கும், பணிக்கொடைக்கும் மனுப் போட்டு, ரசீதைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இங்கே எத்தனை! கையில் ஒற்றைச் சிலம்போடு வாயிலில் நின்ற பெண்ணைப் புரிந்துகொள்ள நமக்கு உரைநூல் தேவையில்லை.

சரி, ஒரு வீடாவது சம்மதித்தால் செய்ய வேண்டிய காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். இது எந்தப் பேருக்கும் பொருந்தும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பேர் முடிவாகாவிட்டாலும் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பேர் இல்லாமலே பதிந்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, பிறந்த இடத்தின் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் இருக்கிற எழுத்தே கடைசி வரைக்கும் கூட வரும்.

தமிழில் எழுதும்போது மூன்று சுழி 'ண்ண' சரியாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். 'கன்னகி' என்று அடித்துக் கொடுத்தால் அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தமிழ்நாட்டார் 'ஜி' போட்டு எழுதுவார்கள், இலங்கைப் பழக்கம் 'கே'. எதை வேண்டுமானாலும் எடுங்கள். எடுத்ததை ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். தலைப்பெழுத்தில் அம்மா பேருக்கும் இடம் கொடுங்கள்.

அப்பாயிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நட்சத்திர எழுத்து 'க'வாக வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜாதகத்துக்கு ஒரு பேரும் கூப்பிட ஒரு பேரும் வைப்பது நமக்குப் புதுசா? இத்தனை நாளும் நல்ல பேரை ஜாதகத்தில் வைத்துவிட்டு, பாப்பா, குட்டி, அம்மு என்றுதானே கூப்பிட்டோம். காதில் மூன்று தடவை சொல்லுகிற பேர் இந்தத் தடவை இதுவாக இருக்கட்டும்.

பேர் வைத்த மறுநாளே பிள்ளை எழுந்து நியாயம் கேட்கப் போவதில்லை. பேரால் யாருக்கும் தைரியம் வந்துவிடாது, அதை வீடுதான் ஊட்டி வளர்க்க வேண்டும். ஆனால் ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் நிமிர்ந்து பார்க்காமல் "பேர் என்ன?" என்று கேட்கும்போது, ஒரு பெண் கையில் காகிதத்தோடு "கண்ணகி" என்று சொன்னால், அவர் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பார். அதற்கு மேல் பேச வேண்டியதை அவள் பேசிக்கொள்வாள். அப்பன்காரனும் தாய்மாமனும் அப்போது குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து லயத்துக்காரி,
சேரம்பாடி